போவது எளிது, திரும்பி வருவதுதான் பாடு: சி நிரலிலிருந்து பெர்லைக் கூப்பிடுதல்

பெர்லிலோ பைத்தானிலோ எழுதுகிறவர்கள் சி லைப்ரரியைக் கூப்பிடுவது தினமும் நடக்கிற காரியம். யாரோ எழுதி வைத்த மாட்யூலை இறக்கிக்கொண்டால் போதும், உள்ளே சி இருப்பதே தெரியாது. எதிர்த்திசை அப்படியல்ல. ஓடிக்கொண்டிருப்பது சி நிரல். நடுவில் ஓரிடத்தில் அது பெர்லில் எழுதிய சப்ரூட்டீன் ஒன்றைக் கூப்பிட்டு, விடையை வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தன் வேலையைத் தொடர வேண்டும்.

இது அபூர்வமான தேவை ஒன்றும் இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், அதற்குள்ளேயே பெர்ல் எழுத வழிசெய்யும் பிஎல்/பெர்லில் ஒரு ஃபங்ஷன் எழுதி, அதை ஒரு செலக்ட் வரியில் பயன்படுத்தினால், ஒவ்வொரு வரிசைக்கும் சி பக்கம் பெர்ல் சப்ரூட்டீனைக் கூப்பிடுகிறது. நினைவகத்தில் தரவை வைக்கும் ரெடிஸ், 2012இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து லுவா என்ற சின்ன மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகளை ஓட்டுகிறது. எக்ஸ்எம்எல் கோப்பைப் படிக்கும் எக்ஸ்பாட் லைப்ரரி முழுக்க சி. அதைச் சுற்றிக் கட்டிய பெர்ல் மாட்யூல், ஒவ்வொரு டேக் திறக்கும்போதும் நீங்கள் பெர்லில் எழுதிய ஹேண்ட்லரைக் கூப்பிடுகிறது. கேம்களில் எதிரி எப்படி நகர வேண்டும் என்பதை லுவாவில் எழுதிவிட்டு எஞ்சினை சியிலோ சி++இலோ வைப்பதும் இதே கதைதான்.

இதற்கான ஆவணத்தை முதல்முறை திறப்பவர்களுக்குத் தலை சுற்றும். மேக்ரோ (கம்பைல் ஆகும் முன் நிரல் வரிகளாக விரியும் சுருக்கப் பெயர்) மேல் மேக்ரோவாக இருக்கும். பலரும் உதாரணத்தை அப்படியே வெட்டி ஒட்டி, ஓடினால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த மேக்ரோக்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். கூப்பிடுவதற்காக இருப்பவை மிகக் குறைவு. பெரும்பாலானவை திரும்பி வருவதற்காக இருப்பவை: விடையை எங்கே எடுப்பது, எத்தனை விடை, அந்த விடை யாருக்குச் சொந்தம், போன இடத்தில் ஏதாவது வெடித்தால் என்ன செய்வது.

சியில் ஒரு ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது இந்தக் கேள்விகளுக்கெல்லாம் கம்பைலர் முன்கூட்டியே பதில் எழுதி வைத்துவிடுகிறது. இத்தனை ஆர்கியுமெண்ட், இன்ன வகை, விடை ஒன்று, அது இன்ன இடத்தில் இருக்கும். பெர்ல் சப்ரூட்டீனுக்கு அப்படி எதுவும் நிலையாக இல்லை. எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எத்தனை வேண்டுமானாலும் வெளியே வரலாம். யார், எந்தச் சூழலில் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்து விடையையே மாற்றிக்கொள்ளலாம். சி கம்பைலர் குதிக்கிற மாதிரி அதற்கு ஒரு முகவரியும் கிடையாது. அது பெர்லின் நினைவகத்தில் உள்ள ஒரு தரவு, அவ்வளவுதான். ஆகவே கம்பைலர் செய்திருக்க வேண்டிய வேலையை நிரலாளர் கையால் செய்கிறார்.

சரி, ஒரு உதாரணம். பில் போடும் நிரல் சியில் இருக்கிறது. தள்ளுபடி விதி மட்டும் பெர்லில், ‘கழிவு’ என்ற சப்ரூட்டீனில். தொகை, சதவீதம் என்று இரண்டு எண் கொடுத்தால், கழித்தது போக மீதியைத் தரும். 1000, 10 என்று கொடுத்தால் 900 வர வேண்டும். சி பக்கம் இருக்க வேண்டியது ஏறத்தாழ இது, எண்களைப் பெர்ல் மதிப்புகளாக மாற்றும் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, தமிழ் எழுத்தில்:

டிஎஸ்பி;
என்டர்;
சேவ்டெம்ப்ஸ்;
புஷ்மார்க்(எஸ்பி);
எக்ஸ்புஷ்எஸ்(1000);
எக்ஸ்புஷ்எஸ்(10);
புட்பேக்;
எண்ணிக்கை = கால்_பிவி("கழிவு", ஜி_ஸ்கேலார்);
எஸ்பிஅகெய்ன்;
விடை = பாப்ஐ;
புட்பேக்;
ஃப்ரீடெம்ப்ஸ்;
லீவ்;

இதில் கூப்பிடுவது ஒரே வரி. மற்ற 12 வரிகள் எதற்கு?

பெர்லுக்குத் தனியாக ஒரு ஸ்டாக், அதாவது மதிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி மேலிருந்து எடுக்கும் இடம், இருக்கிறது. சியின் ஸ்டாக் அல்ல. உள்ளே போகும் மதிப்புகளும் வெளியே வரும் மதிப்புகளும் இதன் வழியாகத்தான் போய் வருகின்றன. அதன் உச்சி எங்கே என்பதை ஒரு பொதுவான பாயிண்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் பொதுவானதைத் தொட்டால் வேகம் குறையும் என்பதால், டிஎஸ்பி என்ற மேக்ரோ அதற்கு ஒரு உள்ளூர்ப் பிரதி எடுத்து எஸ்பி என்ற பெயரில் வைக்கிறது. பாதித் தொல்லை இந்தப் பிரதியால் வருவதுதான். நீங்கள் எக்ஸ்புஷ்எஸ் மூலம் இரண்டு மதிப்புகளை ஏற்றும்போது நகர்வது பிரதி மட்டுமே. பொதுவான பாயிண்டர் பழைய இடத்திலேயே நிற்கிறது. நான் இவ்வளவு ஏற்றியிருக்கிறேன் என்று பெர்லுக்குச் சொல்வது புட்பேக். அதை மறந்தால் சப்ரூட்டீன் ஒழுங்காகவே ஓடும். ஆனால் அதற்கு ஆர்கியுமெண்ட் ஒன்றுகூடப் போய்ச் சேராது. புஷ்மார்க் அதற்கு முன்பே, என் ஆர்கியுமெண்டுகள் இங்கிருந்து தொடங்குகின்றன என்று ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. அந்த அடையாளத்துக்கும் உச்சிக்கும் நடுவில் இருப்பதுதான் சப்ரூட்டீனின் ஆர்கியுமெண்ட் பட்டியல்.

திரும்பி வந்ததும் நிலைமை தலைகீழ். இப்போது பொதுவான பாயிண்டர் சரியான இடத்தில் இருக்கிறது, நம் பிரதிதான் பழையது. எஸ்பிஅகெய்ன் அதைப் புதுப்பிக்கிறது. இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது வேடிக்கையானது. விடை வந்து உட்காருவது முதல் ஆர்கியுமெண்ட் இருந்த இடத்தில். நம் பிரதியோ இரண்டாவது ஆர்கியுமெண்ட் இருந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே என்ன கிடக்கிறதோ அதை எடுத்து வந்துவிடுவோம். அது நாம் அனுப்பிய 10 ஆக இருக்கலாம். கணக்கின் நடுவில் தோன்றிய 100 ஆகவும் இருக்கலாம். 900 மட்டும் வராது.

இதைவிட மோசம், ஒரே ஒரு ஆர்கியுமெண்ட் உள்ள சப்ரூட்டீனை வைத்துச் சோதித்துப் பார்ப்பது. விடை உட்காரும் இடமும் பழைய பிரதி காட்டும் இடமும் அப்போது ஒன்றாகிவிடும். எஸ்பிஅகெய்ன் இல்லாமலே சரியான விடை வரும், சோதனை தேறிவிடும். பிறகு ஒரு நாள் சப்ரூட்டீன் கொஞ்சம் ஆழமாக வேலை செய்து, ஸ்டாக் போதாமல் பெர்ல் அதைப் பெரிதாக்கி வேறு இடத்துக்கு மாற்றிவிடும். பிரதி அப்போது காட்டுவது ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தை. தினமும் ஓடுகிற நிரல் பெரிய கோப்பு ஒன்று வந்தால் மட்டும் விழுகிறது என்ற புகார் வந்தால், நான் முதலில் தேடுவது இந்த ஒரு வார்த்தையைத்தான்.

அடுத்தது சொந்தம் யாருக்கு என்ற விஷயம். பெர்லில் ஒவ்வொரு மதிப்புக்கும் எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு உண்டு. கணக்கு பூஜ்யமானால் மதிப்பு போய்விடும். நாம் ஏற்றும் 1000, 10 என்ற மதிப்புகளை நாமே உருவாக்குகிறோம். வேலை முடிந்ததும் யார் விடுவிப்பது? இதற்கு பெர்ல் வைத்திருக்கும் வழி, அவற்றை ‘மார்ட்டல்’ என்று குறித்துவிடுவது. இப்போது இருக்கட்டும், பிறகு கூட்டிப் பெருக்கும்போது எடுத்துக்கொள் என்று பொருள். என்டரும் லீவும் இந்தப் பகுதியின் தொடக்கமும் முடிவும். நடுவில் சேவ்டெம்ப்ஸ் ஒரு கோடு போடுகிறது. ஃப்ரீடெம்ப்ஸ் அந்தக் கோட்டுக்குப் பின் சேர்ந்தவற்றையெல்லாம் பெருக்கித் தள்ளுகிறது. பெர்ல் நிரலுக்குள் ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் இது தானாக நடக்கும். சி நிரல்தான் எஜமானன், அதற்குள் ஒரு லூப் ஓடுகிறது என்றால் பெருக்க யாரும் வர மாட்டார்கள். இந்த வரிகளை விட்டவருக்குப் பிழைச்செய்தி எதுவும் வராது. மெமரி மட்டும் மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

எப்போது பெருக்குவது என்பதிலும் கவனம் வேண்டும். விடையும் ஒரு மார்ட்டல்தான். எண் என்றால் பாப்ஐ அதை சி எண்ணாக மாற்றித் தந்துவிடும், பிரச்சினை இல்லை. சரம் என்றால் கையில் கிடைப்பது அந்தப் பெர்ல் மதிப்புக்குள் இருக்கும் எழுத்துகளைக் காட்டும் பாயிண்டர் மட்டுமே. அதைப் பிரதியெடுக்காமல் ஃப்ரீடெம்ப்ஸ் போட்டுவிட்டு அப்புறம் படிப்பது, இலையை எடுத்த பிறகு பாயசத்தைத் தேடுவது மாதிரி.

எத்தனை விடை என்ற கேள்விக்குப் பதில் அந்த ஜி_ஸ்கேலார். ஒன்றுதான் வேண்டும் என்று சொன்னால் கட்டாயம் ஒன்று வரும்; சப்ரூட்டீன் எதையும் தராவிட்டாலும் அன்டெஃப் (மதிப்பு இல்லை என்பதற்கான பெர்லின் குறி) ஒன்று வரும். ஜி_லிஸ்ட் என்றால், பழைய நிரல்களில் ஜி_அரே, வந்ததெல்லாம் வரும். எத்தனை என்பதை ‘எண்ணிக்கை’ மாறியைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, கடைசியில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். விடையே வேண்டாம் என்றால் ஜி_டிஸ்கார்ட். இதில் ஒரு சின்னக் குழி உண்டு: ஜி_ஸ்கேலாரில் கேட்கும்போது சப்ரூட்டீன் ஒரு அரேயைத் திருப்பினால் அதன் நீளம் வரும், கமா போட்ட பட்டியலைத் திருப்பினால் கடைசி உறுப்பு வரும். பெர்ல் தெரிந்தவர்களுக்குப் பழக்கமான சங்கதிதான். சி பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது மர்மம்.

இனி உண்மையிலேயே கடினமான பகுதி. போன இடத்தில் சப்ரூட்டீன் ‘டை’ சொல்லிச் செத்தால்?

பெர்லின் டை, அதாவது பிழையை எறியும் கட்டளை, சியின் லாங்ஜம்ப் வகையைச் சேர்ந்தது. மேலே எங்காவது ஒரு எவால் (பிழையைப் பிடிக்கும் பகுதி) காத்திருந்தால், நடுவில் இருக்கும் எல்லாவற்றையும் தாண்டி நேராக அங்கே குதிக்கும். தாண்டப்படுவதில் உங்கள் சி ஃபங்ஷனும் அடங்கும். அது மேலாக்கில் எடுத்து வைத்த நினைவகம், திறந்து வைத்த கோப்பு, பூட்டி வைத்த மியூடெக்ஸ் எல்லாம் அப்படியே நிற்கும். அவற்றை மூட வேண்டிய வரிகளுக்குக் கட்டுப்பாடு வரவே வராது. எவால் எதுவும் காத்திருக்காவிட்டால் இன்னும் எளிது, மொத்த நிரலும் முடிந்துவிடும். பில் போடும் நிரலைத் தள்ளுபடி விதியில் உள்ள ஒரு எழுத்துப்பிழை சாகடிக்கும்.

இதைத் தடுக்கத்தான் ஜி_எவால். அதைச் சேர்த்துக் கூப்பிட்டால் சாவு உள்ளேயே பிடிக்கப்பட்டு, கட்டுப்பாடு வழக்கம்போல் அடுத்த வரிக்கு வரும். பிழை வந்ததா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கும்போதும் ஒரு விவரம்: ஜி_ஸ்கேலாரோடு சேர்த்திருந்தால், பிழை வந்த நேரத்திலும் ஸ்டாக்கில் ஒரு அன்டெஃப் உட்கார்ந்திருக்கும். பிழைதானே என்று அதை எடுக்காமல் போனால் ஸ்டாக் ஒரு படி தள்ளி நின்றுவிடும். ஜி_லிஸ்டாக இருந்தால் எதுவும் இருக்காது. இன்னொன்று, ஸ்கிரிப்ட் எழுதியவர் ‘எக்ஸிட்’ என்று போட்டிருந்தால் ஜி_எவால் காப்பாற்றாது. பயனர்கள் எழுதும் ஸ்கிரிப்டை ஓட்டும் எந்த நிரலுக்கும் இது பெரிய விஷயம்.

அப்படியானால் எப்போதும் ஜி_எவால் போட்டுவிடலாமா? பொதுவாக ஆம் என்றே சொல்வேன், ஆனால் பெர்ல், சி, பெர்ல் என்று மூன்றடுக்காக இருக்கும்போது யோசிக்க வேண்டும். மேலே சொன்ன எக்ஸ்எம்எல் மாட்யூல் அப்படித்தான். பெர்ல் நிரல் எக்ஸ்பாட்டைக் கூப்பிடுகிறது, எக்ஸ்பாட் ஹேண்ட்லரைக் கூப்பிடுகிறது. ஹேண்ட்லரில் டை சொன்னால் அது வெளியே இருக்கும் பெர்ல் நிரலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் பயனர் எதிர்பார்ப்பார். நடுவில் இருக்கும் சி அடுக்கில் அதை விழுங்கக் கூடாது. அந்த மாட்யூல் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தது: பிழை எக்ஸ்பாட்டின் சி அடுக்குகளைத் தாண்டிக் குதிக்கட்டும் என்று விட்டுவிடுகிறது, வெளியே பெர்ல் பக்கம் ஒரு எவாலில் அதைப் பிடித்து, பார்சருக்கான நினைவகத்தை விடுவித்துவிட்டு, அதே பிழையை மறுபடி எறிகிறது. எக்ஸ்பாட் தன் நிலையையெல்லாம் ஒரே பார்சர் பொருளுக்குள் வைத்திருப்பதால் இது சாத்தியம். சியில் வரிசைப்படுத்தப் பயன்படும் க்யூசார்ட் மாதிரி ஃபங்ஷனில் இது நடக்காது. குனு சி லைப்ரரியின் க்யூசார்ட் பெரிய வரிசைகளுக்குத் தற்காலிக நினைவகம் கேட்டு வாங்கும் வழக்கம் உள்ளது. ஒப்பிடும் ஃபங்ஷனிலிருந்து குதித்து வெளியேறினால் அந்த இடம் யார் கைக்கும் எட்டாமல் போய்விடும்.

க்யூசார்ட் இன்னொரு வகையிலும் சங்கடம். ஒப்பிடும் ஃபங்ஷனுக்கு அது இரண்டு உறுப்புகளை மட்டுமே தரும், வேறு எந்தத் தகவலையும் கொண்டுசெல்ல இடம் தராது. அந்த சி ஃபங்ஷன் எந்தப் பெர்ல் சப்ரூட்டீனைக் கூப்பிட வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்ளும்? பொது மாறி ஒன்றில் வைக்கலாம். ஒரு வரிசைப்படுத்தலுக்குள் இன்னொன்று நடந்தால் குழம்பும். எக்ஸ்பாட் மாதிரி நல்ல லைப்ரரிகள் பயனர் தரவு என்று ஒரு வாய்ட் பாயிண்டரை (எந்த வகைத் தரவையும் காட்டக்கூடிய பாயிண்டர்) கூடவே சுமந்து வரும், அதில் வைத்துக்கொள்ளலாம். லைப்ரரி எழுதுகிறவர்கள் கால்பேக்குக்கு, அதாவது லைப்ரரி திரும்பக் கூப்பிடுவதற்காக நாம் தரும் ஃபங்ஷனுக்கு, ஒரு வாய்ட் பாயிண்டர் சேர்த்துவிட்டால் பிற்காலத்தில் எத்தனையோ பேரின் சாபத்திலிருந்து தப்பலாம்.

கால்பேக்கைச் சேமித்து வைக்கும்போது பலரும் சறுக்கும் இடம் ஒன்று. பயனர் தந்த பெர்ல் மதிப்பின் பாயிண்டரை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பாயிண்டர் காட்டுவது பயனரின் மாறியை, அதில் இருந்த சப்ரூட்டீனை அல்ல. பயனர் அதே மாறியில் பிறகு 47 என்று ஓர் எண்ணை வைத்தால், பெர்ல் 47 என்ற பெயரில் சப்ரூட்டீனைத் தேடும். மதிப்பைப் பிரதியெடுத்து நம் சொந்தமாக வைத்துக்கொள்வதே வழி.

மற்ற மொழிகள் இதே கேள்விகளுக்கு வேறு பதில் வைத்திருக்கின்றன. லுவா 1993இல் ரியோ டி ஜெனீரோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தபோதே சி நிரலுக்குள் குடியிருப்பதற்காகவே உருவானது, அது தெரிகிறது. அங்கேயும் ஸ்டாக்தான், ஆனால் உள்ளூர்ப் பிரதி கிடையாது, புதுப்பிக்கும் சடங்கு கிடையாது. லுவா_கெட்குளோபல், இரண்டு புஷ், லுவா_பீகால், முடிந்தது. எத்தனை உள்ளே, எத்தனை வெளியே என்பதை பீகாலுக்கே எண்ணாகச் சொல்லிவிடுகிறோம். பிழை வந்தால் பூஜ்யம் அல்லாத எண் ஒன்று திரும்பும், செய்தி ஸ்டாக்கின் உச்சியில் இருக்கும். லுவாவின் டேபிளுக்கோ ஃபங்ஷனுக்கோ நேரடிப் பாயிண்டர் சி பக்கம் தரப்படுவதே இல்லை. பிடித்து வைக்க வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரி என்ற பெட்டியில் போட்டு ஓர் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். பயன்படாத நினைவகத்தைத் தானாக விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டருக்குத் தெரியாமல் நாம் எதையும் வைத்திருக்க முடியாது என்பதால், பெர்லில் பார்த்த சொந்தச் சண்டை பெரும்பாலும் எழுவதில்லை. குதிக்கும் பிரச்சினை மட்டும் இங்கேயும் உண்டு. லுவாவின் பிழையும் லாங்ஜம்ப்தான். பீகாலுக்கு வெளியே வந்தால் நிரல் அபார்ட் ஆகும்.

பைத்தான் குதிப்பதில்லை. பிழை வந்தால் பைஆப்ஜெக்ட்_கால் ‘நல்’ என்ற வெற்றுப் பாயிண்டரைத் திருப்பும், அவ்வளவுதான். உங்கள் சி அடுக்கு எதுவும் தாண்டப்படாது, எல்லாவற்றையும் நீங்களே மூடலாம். விலை என்னவென்றால் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் வந்தது ‘நல்’ பாயிண்டரா என்று பார்க்க வேண்டும், ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் கையால் குறைக்க வேண்டும். வேறு த்ரெட்டிலிருந்து கூப்பிட்டால் முதலில் ஜில் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரே த்ரெட் பைத்தானை ஓட்ட வைக்கும் பூட்டு) கையில் வாங்க வேண்டும். நீளமாக இருக்கும், ஆனால் படித்தால் புரியும். ஒரு குழுவில் பலர் மாறி மாறிக் கைவைக்கும் நிரல் என்றால் நான் இந்த நீளத்தையே விரும்புவேன்.

வேகம் பற்றிக் கொஞ்சம். பெயரைச் சொல்லிக் கூப்பிடும் கால்_பிவி ஒவ்வொரு முறையும் பெயரைத் தேடுகிறது. ஒரு முறை தேடி வைத்துக்கொண்டு கால்_எஸ்வி வழியாகக் கூப்பிடுவது மேல். லட்சக்கணக்கில் கூப்பிட வேண்டிய சின்ன சப்ரூட்டீன் என்றால் மல்டிகால் என்ற மேக்ரோ தொகுப்பு உண்டு. நுழைவதற்கான ஏற்பாட்டை ஒரு முறை மட்டும் செய்துவிட்டு உடலை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும். பெர்லோடு வரும் லிஸ்ட்::யூடில் மாட்யூலின் ‘ஃபர்ஸ்ட்’ இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அதில் ஆர்கியுமெண்ட் பட்டியல் கிடையாது. மதிப்பைப் பொது மாறி வழியாகத்தான் அனுப்ப முடியும்.

இதெல்லாம் ஒரே இடத்தில் கூடி நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் போஸ்ட்கிரெஸ் மூலநிரலில் பிஎல்/பெர்ல் பகுதியைத் திறக்கலாம். போஸ்ட்கிரெஸும் தன் பிழைகளுக்கு லாங்ஜம்ப்தான் செய்கிறது. ஆக அங்கே இரண்டு குதிப்பவர்கள், ஒருவர் மற்றவரின் அடுக்கைத் தாண்டிவிடக் கூடாது. பெர்ல் சப்ரூட்டீனை ஜி_எவால் போட்டே கூப்பிடுகிறார்கள். செத்தால், முதலில் புட்பேக், ஃப்ரீடெம்ப்ஸ், லீவ் மூன்றையும் முடித்துப் பெர்லின் கணக்கை மூடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் செய்தியை போஸ்ட்கிரெஸ் பிழையாக எறிகிறார்கள். எதிர்த்திசையிலும் அதே ஒழுங்கு. பெர்லுக்குள்ளிருந்து ஒரு வினவலை ஓட்டி அது தோற்றால், போஸ்ட்கிரெஸின் குதிப்பை சி அடுக்கிலேயே பிடித்து, உள்பரிவர்த்தனையைத் திரும்பப் பெற்று, தரவுத்தளம் சுத்தமான பிறகு பெர்லின் டையாக மாற்றி விடுகிறார்கள். பயனர் அதை எவால் போட்டுப் பிடித்தால் அடுத்த வினவலைத் தாராளமாக ஓட்டலாம்.